இலையைத் திருப்பிப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்ப்போம்



மிளகாய்க் கொழுந்து சுருண்டதும் நாம் என்ன செய்கிறோம்? "சுருட்டை விழுந்துருச்சு"ன்னு ஒரு இலையைக் கிள்ளிக்கிட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அவர் கொடுத்ததை அடிக்கிறோம். நம்ம குழுவில் கடன் வாங்கி மிளகாய் போட்ட அக்கா ஒருத்தர் இப்படியே மூணு தடவை அடித்தார். கொழுந்து நிமிரவே இல்லை. அப்புறம்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். இருந்தது பூச்சியே இல்லை, சிலந்தி! பூச்சி மருந்து பலதுக்கும் சிலந்தி சாகாது. அதைத் தின்கிற நல்ல பூச்சிகள்தான் சாகும், சிலந்தி இன்னும் பெருகும். கடன் காசு அப்படித்தான் கரைந்தது.

இலை மேல் பக்கமாகப் படகு மாதிரி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து, காம்பு எலிவால் போல நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. ஆனால் இரண்டும் ஒரே செடியில் வருவதும் உண்டு. அதனால் பார்த்துவிடுவதே நல்லது. இலைப்பேன் 1 மில்லிமீட்டர் இருக்கும். சிலந்தி அதில் ஐந்தில் ஒரு பங்குதான், வெறும் கண்ணுக்குத் தெரியாது.

நகைக்கடையில் கல் பார்ப்பார்களே, அந்த மாதிரி 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பலர் கையை நீட்டிப் பிடித்துவிட்டு "ஒண்ணும் தெரியலை" என்கிறார்கள். லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, இலையை மெதுவாகக் கிட்டே கொண்டுவர வேண்டும். ஒரு அங்குலத்தில் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் இலைமேல் விழட்டும். பழுத்த இலை வேண்டாம், நுனிக் கொழுந்தின் அடிப்பக்கம் பாருங்கள். வயலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பத்துச் செடியாவது பார்க்க வேண்டும்.

நீளமாக, வெளிர் மஞ்சளாக, நறுக்கிய நூல்துண்டு போல ஓடினால் இலைப்பேன். உருண்டையாக, கண்ணாடித் துளி போல மெதுவாக ஊர்ந்தால் சிலந்தி. காலை எண்ணிக்கிட்டு நிற்க வேண்டாம்! பூவையும் பிரித்துப் பாருங்கள். 2021-ல் ஆந்திரா, தெலங்கானாவில் மிளகாயை அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் இருக்கும்.

இலைப்பேன் கொஞ்சமாக இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். 10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்ட வேண்டும். சிலந்திக்கு நனையும் கந்தகம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி. உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெயோடு கலக்கவும் கூடாது, இலை கருகிவிடும். இரண்டுமே இல்லாமல் செடி குட்டையாகி இலை சிறுத்திருந்தால், வெள்ளை ஈ பரப்புகிற வைரஸாக இருக்கலாம். வைரஸ் எந்த லென்ஸுக்கும் தெரியாது. வேளாண்மை அலுவலரிடம் செடியோடு காட்டுங்கள். வைரஸ்தான் என்றால் பிடுங்கி எரித்துவிட வேண்டியதுதான்.

ஆளுக்கு ஒரு லென்ஸ் தேவையில்லை, குழுவுக்கு ஒன்று போதும். யார் வீட்டில் இருக்கிறது என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். வெயிலில் சருகு மேல் மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள், தீப்பிடித்துக்கொள்ளும்.