அலுமினியத்தின் தோலை உரிக்கும் மின்வில்

பழைய மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் அலுமினிய வளைகுழாயில் விரிசல் விழுந்தால், அன்னவாசல்காரர்கள் புதுக்கோட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத்தான் போவார்கள். அந்த வண்டியின் தயாரிப்பே நின்றுபோயிருந்தால் அங்கேயும் கிடைக்காது. பொறுமை இருந்தால் அந்தக் குழாயை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடலாம். ஆனால் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கிற சாதாரண வெல்டிங் மெஷின் இதற்கு ஆகாது.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் காற்றுப் பட்டதுமே படிகிற ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். கண்ணுக்கே தெரியாத அந்த மெல்லிய தோல், உள்ளே உலோகம் நீராகிவிட்ட பிறகும் பை போலத் தாங்கி நிற்கும். திடீரென மொத்தமும் கீழே ஒழுகும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாது. அதோடு வெப்பத்தை இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துவதால், தொடக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. முடிவில் துண்டு முழுக்கச் சூடேறி ஓட்டை விழும். மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குத்தான் காலில் மிதிக்கும் பெடல்.

இந்தத் தோலை உரிப்பது, பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொல்லப்படும் டிக் முறை. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரிடித், மக்னீசியத்தைப் பற்றவைக்க டங்ஸ்டன் முனையையும் ஹீலியத்தையும் வைத்து இதை உருவாக்கினார். அலுமினியத்துக்கு மாறுதிசை மின்சாரம் வேண்டும். ஒரு அரைச் சுழற்சியில் மின்வில் ஆக்ஸைடைச் சிதறடிக்கிறது. மறு அரைச் சுழற்சியில் வெப்பம் துண்டுக்குள் இறங்குகிறது. சுற்றிலும் ஆர்கான் காற்றை அண்டவிடாமல் காக்கிறது. உருகிய குளம் கண்ணாடிபோல் மின்னி, ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் தோல் உரிந்துவிட்டது என்று அர்த்தம். முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துத் திருச்சியில்தான் இருக்கிறது.

பழைய கேஸ்கட்டை அட்டையில் வைத்து வரைந்து, 10 மி.மீ. தகட்டில் ஃபிளாஞ்சு வெட்டிக்கொள்ளலாம். குழாய்க்குச் சுவர் கனமான அலுமினியப் பைப். நிரப்ப 4043 ஃபில்லர் ராடு, அதில் சுமார் 5 சதவீதம் சிலிக்கான் இருப்பதால் விரிசல் குறையும். என் கணிப்பில் பாதி வேலை சுத்தம் செய்வதுதான். முதலில் அசிட்டோனால் எண்ணெயைத் துடைக்க வேண்டும், பிறகே ஸ்டெயின்லெஸ் பிரஷ். வரிசை மாறினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றிவிடுவோம். எண்ணெயிலும் ஈரத்திலும் இருக்கும் ஹைட்ரஜன், உருகிய அலுமினியத்தில் ஏராளமாகக் கரைந்து, அது இறுகும்போது வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழிகளாகத் தங்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தொடவே கூடாது. மின்வில் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற உயிர்கொல்லி வாயுவாக மாறும். கொட்டகைக் கதவைத் திறந்தே வையுங்கள்; ஆர்கான் தேங்கினால் மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது.

ஃபிளாஞ்சைக் கனத்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, எதிரெதிர் பக்கங்களில் டேக் வைத்த பிறகே முழு வெல்டு. அப்படியும் கொஞ்சம் வளையும். லேத்தில் ஃபேசிங் எடுக்கலாம், அல்லது தடித்த கண்ணாடிமேல் எமரி தாளை விரித்துத் தேய்க்கலாம்.

6061 வகை அலுமினியம் கடினப்படுத்தப்பட்ட நிலையில் இருந்தால், வெல்டுக்கு அருகில் அதன் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கனெக்டிங் ராடு, பிரேக், ஸ்டியரிங் பாகங்களை வீட்டில் செய்யக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். கார்புரேட்டர் குழாய்க்குச் சுமை குறைவு. அங்கே பயம் காற்றுக் கசிவு. கசிந்தால் பெட்ரோல் கலவை நீர்த்து, பிஸ்டன் கருகலாம். உள்பக்கம் ஒட்டியிருக்கும் உலோகத் துளிகளைச் சுரண்டி எடுத்து, இரு முனைகளையும் அடைத்து, காற்றேற்றிச் சோப்புத் தண்ணீரில் சோதியுங்கள். வண்டியை ஒருமுறை ஓட்டி இன்ஜின் ஆறியதும் போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.