ஆடற்கலைஞருக்கு ஏற்ற பரிசு

சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. அவ்வாறே பரதநாட்டியமும் குச்சிப்புடியும் அங்கே அருகருகே பயிலப்படுகின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் இசைக்கும் நடனத்துக்கும் எனத் திருப்பதியில் ஒரு கல்லூரியை நடத்துகிறது. புரட்டாசி மாதப் பிரம்மோற்சவத்தின்போது பல ஊர் நடனக் குழுவினர் திருமலையின் மாடவீதிகளில் வாகனத்துக்கு முன்னே ஆடிச் செல்கின்றனர். தசரா விடுமுறையும் சங்கராந்தி விடுமுறையும் வரும்போது, நடனம் பயிலும் தங்கைக்கோ, தோழிக்கோ, அண்டை வீட்டு அக்காவுக்கோ ஏதேனும் பரிசளிக்க வேண்டும் என்னும் விருப்பம் பலருக்கு எழுகிறது. எதைக் கொடுப்பது என்பதுதான் வினா.

பெரும்பாலோர் கடைக்குச் சென்று நடராசர் சிலையையோ நடனப் பொம்மையையோ வாங்குகின்றனர். அதில் தவறில்லை. ஆனால், சில ஆண்டுகளாக ஆடிவரும் ஒருவரது வீட்டில் அத்தகைய சிலைகள் முன்னரே ஐந்தாறு இருக்கும். அவர் நடனம் ஆடுகிறார் என்பது மட்டும் தெரிந்தவர்கள் அவற்றைக் கொடுத்திருப்பார்கள். அவர் எவ்வாறு உழைக்கிறார் என்பதையும் அறிந்தவர் கொடுக்கும் பரிசு வேறாக இருக்கும்.

முற்காலப் பரிசுகள்

ஆடுவோருக்குப் பரிசளிக்கும் வழக்கம் தமிழ் நிலத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்து மாதவி, ஐந்து வயது முதல் ஏழு ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழமன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். அவள் தலைக்கோல் என்னும் சிறப்பையும் 1008 கழஞ்சு பொன்னையும் பெறுகிறாள்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சையில் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாய் தரும் ஒரு பங்கும் வழங்கினான். அவர்களுடைய பெயர்களையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தத் தெருவில் குடியிருந்தனர் என்பதையும் அக்கோயில் கல்வெட்டில் இன்றும் காணலாம்.

குச்சிப்புடி நடனத்துக்குப் பெயர் தந்த ஊர் ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவை ஆண்ட அபுல் ஹசன் தானாஷா, அவ்வூர்க் கலைஞர்களின் ஆட்டத்தில் மகிழ்ந்து, அந்த ஊரையே அவர்களுக்கு மானியமாக அளித்தார் என்று வழிவழியாகக் கூறுவர்.

பொன்னும் நெல்லும் ஊரும் வழங்க மாணவரால் இயலாது. ஆயினும், அத்தகைய பரிசுகளுக்கு அடிப்படையான வினா இன்றும் பொருந்துவதே ஆகும்: இவர் தொடர்ந்து ஆடுவதற்கு எது துணை செய்யும்?

முதலில் அறிய வேண்டியவை

பரிசு வாங்கும் முன் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். முதலாவது, அவர் பயில்வது எந்த நடனம் என்பது. குச்சிப்புடியில் தரங்கம் என்னும் பகுதியில் பித்தளைத் தட்டின் விளிம்பில் கால் ஊன்றி ஆடுவர். பரதநாட்டியத்தில் அது இல்லை. இரு நடனங்களுக்கும் உடை தைக்கும் முறையும் வேறுபடும்.

இரண்டாவது, அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது. புதிதாகச் சேர்ந்த மாணவிக்குச் சலங்கை வாங்கிக் கொடுப்பது அன்பான செயலாகத் தோன்றும். ஆனால், அடவுகளைச் செம்மையாகக் கற்ற பிறகே ஆசிரியர் சலங்கை பூசை நடத்தி, மாணவியைச் சலங்கை கட்டச் செய்வது மரபு. அந்நாளை முடிவு செய்பவர் ஆசிரியரே. ஆகவே, சலங்கையை வியப்புப் பரிசாகக் கொடுப்பது பொருந்தாது. தைத்த நடன உடையும் அத்தகையதே. வளரும் பிள்ளைக்கு அளவு தெரியாமல் வாங்கிய உடை ஓராண்டில் சிறுத்துவிடும்.

உடலுக்குத் துணையானவை

மேடையில் காண்பது ஒருமணி நேர ஆட்டம். அதன் பின்னே பல மாத உழைப்பு இருக்கிறது. நாள்தோறும் வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடுவதால் குதிகாலில் வெடிப்பு உண்டாகும்; பாதம் வலிக்கும். சிமெண்டுத் தரையில் ஆடினால் முழங்காலும் நோகும். இதை அறிந்தவர் கொடுக்கும் பரிசு மிக எளியதாக இருக்கலாம். பாதத்தில் தடவ ஒரு புட்டி நல்லெண்ணெய், கால் தேய்க்கும் கல், வெந்நீரில் பாதத்தை வைக்க அகலமான ஒரு பாத்திரம், வியர்வை துடைக்கப் பருத்தித் துண்டு ஆகியவற்றை ஒரு கூடையில் வைத்துக் கொடுத்தால், அது நாள்தோறும் பயன்படும்.

பயிற்சிக்கு உடுத்தும் பருத்திப் புடவை ஒவ்வொரு வகுப்பிலும் வியர்வையில் நனைந்துவிடும். ஒரே புடவை உள்ளவர் அதை இரவில் துவைத்து மறுநாள் உடுத்த வேண்டும். இரண்டாவது புடவை அவருக்குப் பெரிய உதவி. பட்டுப் புடவையின் விலையில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.

விரல் நுனிகளுக்கும் பாதத்துக்கும் சிவப்பேற்றும் செம்பஞ்சுக்குழம்பும் நல்ல பரிசே. எனினும், சிலரது தோலுக்குச் சாயம் ஒவ்வாது. ஆதலால், கேட்டறிந்து வாங்குவது நலம்.

பொருள்களைக் காப்பவை

நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் எனப் பல அணிகள் சேர்ந்ததே நடன நகைத் தொகுதி. கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரி இத்தகைய கோயில் நகைகளுக்குப் பெயர் பெற்றது. முழுத் தொகுதியும் விலை மிகுந்தது. பல குடும்பங்கள் வாடகைக்கே எடுக்கின்றன. சொந்தமாக வைத்திருப்போருக்கோ அதைக் காப்பதே கவலை. வியர்வை ஈரம் பட்டால் கற்கள் உதிரும், பூச்சு மங்கும். பஞ்சு விரித்த, அறை அறையாகப் பிரித்த ஒரு மரப்பெட்டி அந்தக் கவலையைத் தீர்க்கும்.

சலங்கையை வைக்க ஒரு துணிப்பையும் கொடுக்கலாம். திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி, கலம்காரித் துணிக்குப் புகழ் பெற்ற ஊர். கலம் என்பது எழுதுகோலையும், காரி என்பது வேலையையும் குறிக்கும். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். பின்னர், மூங்கில் எழுதுகோலால் அதன்மீது வரைவர். இரும்பும் வெல்லமும் பல நாள் ஊறிய நீரே கருமை நிறம் தரும். கையால் வரைந்த துணிக்கும் அச்சிட்ட துணிக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. கேட்டு வாங்க வேண்டும். அத்துணியில் தைத்த பை, ஓர் ஊரின் கைவினையை இன்னொரு கலைஞரின் கையில் சேர்க்கிறது.

பணம் வேண்டாத பரிசுகள்

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகள் 28 எனக் கூறுகிறது. அவற்றை 28 அட்டைகளில் வரைந்து, ஒருபுறம் கையின் வடிவமும் மறுபுறம் பெயரும் பயனும் எழுதிக் கொடுத்தால், புதிதாகக் கற்போருக்கு அது நல்ல துணை.

இரு மொழி அறிந்த பிள்ளைகளால் மட்டும் தரக்கூடிய பரிசும் ஒன்று உண்டு. நடனப் பாடல்கள் பல மொழிகளில் உள்ளன. முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் தமிழில் பாடினர். அன்னமாச்சாரியாரும் க்ஷேத்ரய்யாவும் தெலுங்கில் பாடினர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி தமிழ்ப் பதத்துக்கு ஆடுவாள். தமிழ் மாணவி தெலுங்குப் பதத்துக்கு ஆடுவாள். சொல்லின் பொருள் தெரியாவிட்டால் முகத்தில் பாவம் வாராது. தலைவி தன் தலைவனை ‘அவன்’ என்று சொல்லும்போது உரிமையோ சினமோ தோன்றும். ‘அவர்’ என்று சொல்லும்போது மதிப்போ விலகலோ தோன்றும். அந்த ஓர் எழுத்து மாறினால் ஆடுபவரின் கண்ணும் மாற வேண்டும். இந்த நுட்பம் அகராதியில் எளிதில் கிடைக்காது. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு கேட்டு வளரும் பிள்ளைக்கு அது இயல்பாகத் தெரியும்.

தோழி ஆடவிருக்கும் தமிழ்ப் பாடலை ஒரு குறிப்பேட்டில் எழுதி, சொல்லுக்குச் சொல் தெலுங்கில் பொருள் தந்தால், கடையில் வாங்க முடியாத பரிசு அது. பொருள் விளங்காத இடத்தைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்டு எழுதலாம். கொடுப்பவருக்கும் தமிழறிவு வளரும்.

எப்போது கொடுப்பது?

விழா நாள் மட்டுமே பரிசுக்குரிய நாள் அன்று. தேர்வு நெருங்கும்போதும், காலில் அடிபட்டு ஓய்வில் இருக்கும்போதும் பலர் நடனத்தை நிறுத்திவிட எண்ணுவர். அவ்வேளையில் வரும் சிறு பரிசும் அவரது கலையை ஒருவர் மதிக்கிறார் என்பதை உணர்த்தும். நிகழ்ச்சிக்குச் சென்று இறுதிவரை அமர்ந்து பார்ப்பதும் பரிசே ஆகும். முடிந்தபின், “நன்றாக இருந்தது” என்று மட்டும் சொல்லாமல், எந்த அடவு, எந்தப் பார்வை மனத்தில் நின்றது என்று சொன்னால், ஆடியவர் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்.

பயிற்சி

1. புதிதாக நடனம் கற்பவருக்குச் சலங்கையைப் பரிசளிப்பது ஏன் பொருந்தாது?
2. ‘அவன்’, ‘அவர்’ ஆகிய சொற்களை வைத்து இரண்டு தொடர்கள் எழுதுக. ஒவ்வொன்றிலும் பேசுபவரின் மனநிலையைக் குறிப்பிடுக.
3. உமக்குத் தெரிந்த ஒரு கலைஞருக்கு நீர் கொடுக்க விரும்பும் பரிசைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.