வினையும் எழுவாயும்

ஸ்பானிஷ் மேல்நிலைப் பாடத்தில் என்னை நிறுத்திவைத்த வினை ‘தெசாபரெசேர்’: காணாமல் போதல். இலக்கணப்படி செயப்படுபொருள் குன்றியது. ஆள் தானாகவே காணாமல் போவான். அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சிக்கு (1976-83) இது ரொம்ப வசதி: கடத்தியவன் வாக்கியத்திலேயே இல்லை.

தாய்மையைத் தொழுது, தாயை வீட்டுக்குள் வைத்த கத்தோலிக்கச் சமூகம் அது. அந்தத் தாய்மார்கள்தான் 1977 ஏப்ரல் 30இல் மாயோ சதுக்கத்தில் வந்து நின்று பிள்ளைகளைக் கேட்டார்கள்.

லத்தீன் அமெரிக்கப் பேச்சில் ‘லோ தெசாபரெசியேரோன்’ என்பார்கள்: அவனைக் காணாமலாக்கினார்கள். பாட இலக்கணம் முகஞ்சுளிக்கலாம். ஆனா, தமிழைப் போலவே வினைவிகுதிக்குள் ‘அவர்கள்’ வந்தாச்சு.

தமிழிலும் இந்தச் சண்டை உண்டு. ஈழத்துத் தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்பதை மறுத்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். ஆக்கியவர் யார்? செயப்பாட்டுவினை அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. 2017 முதல் வடக்கில் தெருவோரம் உட்கார்ந்து அவர்கள் கேட்பது அந்தப் பெயரையும்தான்.