இரண்டு காது... இரண்டாயிரம் ரூபாய்!

ஹெட்போன் வாங்குகிறவர்களில் மூன்று ரகம். கலரைப் பார்த்து வாங்குகிறவர்கள் முதல் ரகம். நண்பன் வாங்கியதையே வாங்குகிறவர்கள் இரண்டாவது. கடைக்காரர், "பாஸ் சும்மா அதிரும் சார்" என்றதும் பர்ஸைத் திறந்துவிடுகிறவர்கள் மூன்றாவது. 'நமக்கு இது எதுக்கு?' என்று யோசித்துவிட்டு வாங்குகிற நாலாவது ரகம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. இதைப் படித்து முடித்ததும் நீங்கள் அந்த ரகத்தில் சேரலாம். சந்தா கிடையாது.

'அறந்தாங்கியில் உட்கார்ந்துகொண்டு ஹெட்போன் பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி?' என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் வேலைக்குப் போகிற பையன்களில் பாதிப் பேர் காதில் ஏதோ ஒன்று இருக்கிறது. மீதிப் பேர் அதை சார்ஜ் போட மறந்தவர்கள். பஸ்ஸில் டிரைவர் அண்ணன் போடுகிற பாட்டு ஒன்று, பக்கத்து சீட்காரர் போனில் ஓடுகிற வீடியோ ஒன்று, நம் காதில் நம் பாட்டு ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு கச்சேரி!

பி.காம். கணக்கு

நான் படித்தது பி.காம். எதையும் செலவுக் கணக்கில் பார்த்தால்தான் தூக்கம் வரும். ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்குகிறீர்கள். தினமும் ஒரு மணி நேரம் கேட்கிறீர்கள். நாலு மாதத்தில் இடது பக்கம் மௌன விரதம். மொத்தம் 120 மணி நேரம். மணிக்கு நாலு ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியது இரண்டு வருஷம் உழைத்தால் 730 மணி நேரம். மணிக்கு இரண்டே முக்கால் ரூபாய்தான். மலிவானது எது என்று இப்போது சொல்லுங்கள்.

இதற்காக இருபதாயிரத்துக்கு வாங்கச் சொல்லவில்லை. அந்த விலைக்கு ஹெட்போன் வாங்கினால் அதை மாட்டிக்கொண்டு வெளியே போகப் பயமாக இருக்கும்.

காதை மூடுமா, காதில் உட்காருமா?

கடையில் தலையில் மாட்டுகிற எல்லாவற்றுக்கும் ஹெட்போன் என்றுதான் பெயர். ஆனால் இரண்டு ஜாடை உண்டு. மெத்தை காதைச் சுற்றி மண்டையில் பதிந்து, காது மடலை முழுசாக உள்ளே வைத்துக்கொள்வது 'ஓவர் இயர்'. காது மடலின் மேலேயே உட்காருவது 'ஆன் இயர்'. சோனியின் டபிள்யூ.ஹெச்-ஸி.ஹெச்.520, போட் கம்பெனியின் ராக்கர்ஸ் 450 இரண்டும் ஆன் இயர் ரகம். படத்தில் பார்த்தால் பெரிசாகத் தெரியும். மாட்டினால்தான் காது அமுங்குவது தெரியும். கண்ணாடி போட்டவர்களுக்கு அரை மணி நேரத்தில் காதோரம் வலிக்கலாம்.

ஓவர் இயரிலும் கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடியின் கால் மெத்தைக்குள் சந்து விடும். அந்தச் சந்து வழியாக முதலில் வெளியேறுவது பாஸ் ஒலிதான். மெத்தை மிருதுவாக இருந்தால் சந்து அடைபடும். ஆகவே கண்ணாடியோடு போய் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில். சித்திரை மாதத்தில் ரெக்ஸின் மெத்தை போட்ட ஹெட்போனை ஒரு மணி நேரம் மாட்டினால் காதில் ஆவி பறக்கும். வியர்வை பட்டுப் பட்டு ரெக்ஸின் உரிந்து, கறுப்புச் செதில்கள் கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தை குளுமை, ஆனால் வெளிச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. எதுவானாலும், மெத்தை தனியாகக் கழற்றி மாட்டக்கூடியதா என்று கேளுங்கள். புது மெத்தை சில நூறு ரூபாய். மெத்தை மாட்ட முடியாவிட்டால் புது ஹெட்போன்தான்.

சமையலறையில் பிறந்தது

கொஞ்சம் சரித்திரம். (தூங்கிவிடாதீர்கள், சின்னதுதான்.) அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து 1910-ல் கப்பற்படைக்கு விற்றார். அப்போது அது சங்கீதத்துக்கு அல்ல, ரேடியோத் தந்தி கேட்க. 1958-ல் ஜான் காஸ் என்பவர் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்து, பாட்டு கேட்கவும் இது உதவும் என்று காட்டினார். 1979-ல் சோனியின் வாக்மேன் வந்தது. ஹெட்போன் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது.

தமிழில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று 1978-ல் வந்த 'ப்ரியா'வைச் சொல்வார்கள். அந்தப் பாட்டுக்களை டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டவர்கள், ஒருமுறை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். இடது காதில் ஒரு வாத்தியம், வலது காதில் ஒரு வாத்தியம், நடுநெற்றியில் பாடகர். இளையராஜா பாட்டில் பாஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவது அப்போதுதான் தெரியும்.

உங்களுக்கு எது?

*பஸ்ஸில் போகிறவர்:* உங்களுக்குத்தான் 'ஏ.என்.ஸி.' எனப்படும் இரைச்சல் நீக்கி. ஹெட்போனுக்குள் இருக்கிற குட்டி மைக், பஸ் இன்ஜினின் உறுமலைக் கேட்கும். உடனே அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி உள்ளே விடும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமதரை. டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆனால் பாக்கி ஸைபர்! இந்த யோசனையைத் துரத்தியவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். அவர் அப்பா கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர். 1978-ல் ஒரு விமானப் பயணத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சல்தான் அதிகம் கேட்டது. போஸ் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் அவர் கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அன்று விமானிகளுக்கு மட்டும் கிடைத்த சங்கதி, இன்று சில ஆயிரம் ரூபாயில். சோனி டபிள்யூ.ஹெச்-ஸி.ஹெச்.720என், ஜே.பி.எல். ட்யூன் 770என்.ஸி. இரண்டும் காதை முழுசாக மூடுகிற ஏ.என்.ஸி. ரகங்கள். சோனியின் எடை 192 கிராம்தான். இதைவிட மலிவிலும் வேறு கம்பெனிகளில் உண்டு. ஆனால் ஒன்று: ஏ.என்.ஸி. ஒரே மாதிரி உறுமுகிற சத்தத்தைத்தான் விழுங்கும். பஸ் இன்ஜின், ரயில், ஏ.ஸி., மின்விசிறி எல்லாம் அடங்கும். கண்டக்டரின் விசில், குழந்தையின் அழுகை, மேனேஜரின் குரல் அடங்காது.

*பரீட்சைக்குப் படிக்கிறவர்:* டி.என்.பி.எஸ்.ஸி. குரூப் ஃபோருக்கு வீட்டிலேயே வகுப்பு கேட்கிற தம்பிகளுக்கு ஏ.என்.ஸி. அவசியமில்லை. ஹாலில் அம்மா பார்க்கிற சீரியலைத் தடுக்க, பின்பக்கம் மூடிய ஓவர் இயர், ஒயர் போட்டது போதும். நாலு மணி நேரம் தலையில் இருக்கப்போவதால் எடை குறைவாக இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்துபோய் இந்திய அரசியலமைப்பு பாதியில் நிற்காது.

*வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர்:* பாட்டு அருமையாகக் கேட்கிற ப்ளூடூத், மீட்டிங்கில் மட்டும் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது? மைக்கைத் திறந்ததும் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்கள் டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். போக வர இரண்டு பக்கமும் ஒரே குறுகலான பாதையில் போக வேண்டுமே! கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி.யில் செருகுகிற, வாய்க்கு நேராக மைக் நீட்டிக்கொண்டிருக்கிற ஹெட்செட்தான் உங்களுக்கு. பார்க்க கால் சென்டர் மாதிரி இருக்கும். பேச்சு தெளிவாக இருக்கும்.

*கேம் ஆடுகிறவர், கீபோர்டு வாசிக்கிறவர்:* ஒயர்தான். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். சினிமா பார்த்தால் போனே படத்தைத் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். கேமில் அது முடியாது. நீங்கள் சுட்ட சத்தம் வருவதற்குள் உங்களைச் சுட்டிருப்பான்.

*பாட்டே கதி என்றிருப்பவர்:* ஒரே காசுக்கு ஒயரும் ப்ளூடூத்தும் வைத்தால், ஒலியில் பெரும்பாலும் ஒயர்தான் ஜெயிக்கும். பேட்டரிக்கும் சிப்புக்கும் போகிற காசு ஒலிக்குப் போகிறது. ஆடியோ டெக்னிக்கா ஏ.டி.ஹெச்-எம்20எக்ஸ் மாதிரி ஸ்டுடியோ ரகம் நல்லது. ஆனால் அதன் ஒயர் மூன்று மீட்டர் நீளம், கழற்றவும் முடியாது. பஸ்ஸில் அதைப் போட்டால் பின் சீட்டுக்காரரையும் சேர்த்துக் கட்டிவிடலாம். வீட்டுக்கு மட்டும்.

போனில் ஒயர் செருகும் ஓட்டை இல்லையா? ஆப்பிள் 2016-ல் ஐபோன் 7-ல் அதை அடைத்தது; மற்றவர்களும் ஒவ்வொருவராக அடைத்தார்கள். டைப்-ஸி இணைப்பு ஒன்று வாங்குங்கள். உள்ளேயே 'டேக்' என்ற சிப் இருக்கிற ரகமாகக் கேளுங்கள். இல்லாத ரகம் சில போன்களில் மூச்சே விடாது.

டப்பா புராணம்

டப்பாவில் அச்சடித்திருப்பதெல்லாம் வேதவாக்கு அல்ல.

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' — மனிதக் காதின் எல்லை அது. எல்லா டப்பாவிலும் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுவது மாதிரி.

'50 மி.மீ. டிரைவர்' — பெரிசு என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை. தவில் பெரிசு, நாதஸ்வரத்தின் சீவாளி சின்னது.

'70 மணி நேரம் பேட்டரி' — ஏ.என்.ஸி.யை அணைத்துவிட்டா, போட்டா? ஜே.பி.எல். 770-ல் அணைத்தால் 70, போட்டால் 44 என்று கம்பெனியே சொல்கிறது. சின்ன எழுத்தையும் படியுங்கள்.

'ஓம்' — 32 ஓம் பக்கம் இருந்தால் போன் சுலபமாக இழுக்கும். 250 ஓம் ஸ்டுடியோ ரகத்தைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டுப் போனில் செருகினால் கிசுகிசுதான் கேட்கும்.

'ஈ.என்.ஸி.' — இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏ.என்.ஸி. உங்கள் காதுக்கு. ஈ.என்.ஸி. உங்கள் மைக்குக்கு, எதிர்முனையில் பேசுகிறவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் கேட்காமல் செய்வது. ஒரே ஒரு எழுத்து. அதைப் பெரிசாகப் போட்டு விற்பார்கள். எதிர்முனைக்காரர் சௌக்கியத்துக்கு நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள்!

ப்ளூடூத் ரகத்தில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று காட்டும். பிரபல கம்பெனி பெயரில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருந்தால் தள்ளியே நில்லுங்கள். பில் வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைக்குப் போகும்போது, நூறு தடவை கேட்டு மனப்பாடமான பாட்டு ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் போடுகிற 'டமால் டுமீல்' டெமோவில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிஷம் மாட்டியே இருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், காது உங்களுடையது. 'ஸ', 'ச' வருகிற இடத்தில் காதைக் குத்துகிறதா? குறைந்த சத்தத்திலும் பாட்டு தெளிவாக இருக்கிறதா? இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஏன் முக்கியம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெஸிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெஸிபல் என்றால் வாரத்துக்கு நாலே மணி நேரம்! மூன்று டெஸிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். பஸ் இரைச்சலைத் தாண்டிக் கேட்க, வெளிச் சத்தம் புகுகிற மலிவு ஹெட்போனில் என்ன செய்வோம்? சத்தத்தை ஏற்றுவோம். புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் காதின் பட்ஜெட்டில் துண்டு விழும். வெளிச் சத்தத்தைத் தடுக்கிற ஹெட்போன் பந்தாவுக்கு இல்லை, சத்தத்தைக் குறைத்து வைப்பதற்கு. (ரோட்டில் நடக்கும்போதும் தண்டவாளத்தைத் தாண்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிடுங்கள். அப்போது வெளிச் சத்தம்தான் உங்கள் உயிர்.)

உள்காதில் மயிரிழை செல்கள் என்று ஒவ்வொரு பக்கமும் சுமார் பதினைந்தாயிரம் இருக்கின்றன. பிறக்கும்போதே வருகிற முதலீடு. செத்தால் திரும்ப முளைக்காது. தேய்மானம் மட்டும் உண்டு, புதுசு வாங்க வழியில்லை. ஹெட்போனைக் கழற்றியதும் 'ஙொய்ய்ய்' என்று கேட்டால், சத்தம் ஜாஸ்தி என்று காது புகார் கொடுக்கிறது. அது நிற்காவிட்டால் காது டாக்டரைப் பாருங்கள்.

என் சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சு கொடுக்கக்கூட ஆளில்லை. இப்போது அவர் டி.வி. பார்த்தால் தெருவே செய்தி கேட்கும். டாக்டர் காதை டெஸ்ட் பண்ணி, கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார். ஹெட்போன் அதற்கு மாற்று இல்லை.

போன மாதம் என் ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தார். நான் பாதியில் வைத்திருந்த சத்தத்தை முழுசாக ஏற்றினார். கொஞ்ச நேரம் கேட்டார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீ பாதியிலேயே வச்சுக் கேளுப்பா. மீதிப் பாதி என் வயசுக்கு வேணும்."