உடலை ஆளும் ஓமோன்கள்

மனித உடலில் நிகழும் தொழில்கள் பல. அவை யாவும் ஒன்றோடொன்று இயைந்து நடைபெறும்வண்ணம் ஒழுங்குபடுத்துவன இரண்டு: ஒன்று நரம்புத் தொகுதி, மற்றையது கானில் சுரப்பிகளின் தொகுதி. உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தம் சுரப்பைக் கான் வழியே உரிய இடத்திற் சேர்ப்பன. கானில் சுரப்பிகளோ தம் சுரப்பை நேரே குருதியிற் கலப்பன. அச்சுரப்புக்களே ஓமோன்கள் எனப்படும்.

குருதி வழியாகச் செய்தி செல்லக்கூடும் என்பதை 1902ஆம் ஆண்டில் இலண்டனில் பெயிலிஸ், ஸ்ராலிங் என்னும் இருவர் நாட்டினர். நாயொன்றின் சிறுகுடற் பகுதியொன்றிற் செல்லும் நரம்புகளை அறுத்தபின் அப்பகுதியில் அமிலத்தை இட்டனர். நரம்புத் தொடர்பு அற்றிருந்தும் சதையி தன் சாற்றைச் சுரந்தது. குடலின் உட்சுவரிலிருந்து குருதியிற் கலந்த பொருளொன்றே சதையியைத் தூண்டியதென அவர்கள் கண்டு, அதற்குச் செக்கிரெற்றின் எனப் பெயரிட்டனர். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த ஓமோன் என்னும் பெயரை ஸ்ராலிங் 1905இல் வழங்கினார்.

ஓமோன்கள் மிகச் சிறிதளவிலேயே தொழிற்படுவன. ஆதலின் அவற்றின் அளவு காக்கப்படல் வேண்டும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியைத் தூண்டுகின்றது. தைரொயிட்டின் ஓமோன் குருதியில் மிகுமாயின் அத்தூண்டல் குறைகின்றது. குறையுமாயின் தூண்டல் மிகுகின்றது. உணவில் அயடீன் போதாவிடின் ஓமோனை ஆக்க இயலாது. கபச்சுரப்பியோ ஓயாது தூண்டும். அதனால் தைரொயிட்டுப் பருத்துக் கழுத்திற் கழலையாகத் தோன்றும். உப்பில் அயடீன் சேர்ப்பதன் காரணம் இதுவே.

சதையி கானுள்ள சுரப்பியாகவும் கானில் சுரப்பியாகவும் விளங்குவது. அதனுள் அடங்கிய இலங்ககான் சிறுதீவுகள் இன்சுலினைச் சுரக்கின்றன. உணவுண்டபின் குருதியில் வெல்லம் மிகும்போது இன்சுலின் அதனைத் தசை முதலிய கலங்களுட் புகச் செய்கின்றது. ஈரலிற் கிளைக்கோசனாகச் சேமிக்கவும் ஏவுகின்றது. வெல்லம் குறையும்போது அதே தீவுகளிற் சுரக்கும் குளூக்ககோன் அச்சேமிப்பைக் கரைத்துக் குருதிக்கு அளிக்கின்றது.

நாயின் சதையியை அகற்றின் நீரிழிவு உண்டாகும் என்பதை 1889இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டனர். எனினும் அவ்வறிவு நோயாளர்க்கு மருந்தாக 30 ஆண்டுகளுக்கு மேற் சென்றது. இன்சுலின் முற்றாக அற்ற சிறுவர் அந்நாளில் உணவைக் கடுமையாகச் சுருக்கிச் சிறிது காலம் வாழ்ந்தனர், பின் மாண்டனர். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் மக்கிளவுட்டின் ஆய்வுகூடத்தில் சதையியிலிருந்து அச்சுரப்பைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரி 11ஆந் திகதி 14 வயதுச் சிறுவனொருவனுக்கு அது முதலில் ஏற்றப்பட்டது. அது தூயதன்று, ஆதலின் பயன் சிறிதே. கொலிப் என்பவர் தூய்மையாக்கிய மருந்தை அதே மாதம் 23ஆந் திகதி ஏற்றியபோது சிறுவனின் குருதி வெல்லம் தணிந்தது, அவனும் தேறினான்.

இன்சுலின் நோயை வேரோடு களைவதன்று. உடல் இழந்ததை நாள்தோறும் ஈடுசெய்வது. ஆதலின் அது தடையின்றிக் கிடைக்கும் இடத்திலேயே அத்தகைய சிறுவர் வளர்ந்து, கற்று, முதுமை காண்பர். சதையியின் சிறு பகுதியான அத்தீவுகள் தொழில் இழப்பின் உயிரே நிலையாதென்பதை அச்சிறுவரின் வரலாறு உணர்த்துகின்றது.