புறாவுக்கு இடும் பிடி தானியம்

மாஹிமில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பால்கனியில் பல ஆண்டுகளாக ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. காலையில் நீராடி விளக்கேற்றியதும் என் தாயார் அதில் ஒரு பிடி அரிசியும் சோளமும் இடுவார். ஊரில் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கை அது. இங்கே காக்கைக்கு முன்பே புறாக்கள் வந்துவிட்டன. முதலில் இரண்டு வந்தன. பின்னர் இருபதுக்கும் மேல். குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்கு அடியிலும், குளியலறைச் சாளரங்கள் திறக்கும் டக்டிலும் அவை கூடு கட்டின.

ஒரு மழைக்காலத்தில் தாயாருக்கு வறட்டிருமல் தொடங்கியது. வாரங்கள் கடந்தும் தணியவில்லை. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. பரிசோதித்த மருத்துவர், "வீட்டில் புறாக்கள் உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை, இதே நகரத்தில் இதே தொல்லையோடு வாழும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறையிலிருந்து பால்கனிக்கு

மாடப்புறா நம் நாட்டுக்கு அயலானதன்று. பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை அது. மனிதன் அதைப் பழக்கி வளர்த்தான். கப்பலேற்றி அமெரிக்கா போன்ற தொலைநாடுகளுக்கும் கொண்டு சென்றான். வளர்ப்பிலிருந்து தப்பியவை நகரங்களில் பெருகின. அடுக்குமாடிக் கட்டடத்தின் விளிம்புகள் புறாவின் கண்ணுக்குப் பாறை முகடுகளே.

ஓர் இணை ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள் இடும். ஏறத்தாழ 18 நாள்களில் குஞ்சு பொரிக்கும். அடுத்த நான்கைந்து வாரங்களில் குஞ்சுகள் பறந்துவிடும். தீனி தடையின்றிக் கிடைத்தால் ஆண்டில் பலமுறை இந்தச் சுற்று நிகழும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டுவதால், பிற பறவைகளைப் போலப் புழுபூச்சிகள் மலியும் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வெளியான அறிக்கை, பல இனங்கள் குறைந்துவருவதை எடுத்துக்காட்டியது. பெருகிவருபவற்றின் வரிசையில் மாடப்புறாவும் இடம்பெற்றது.

எச்சமும் நுரையீரலும்

ஒரு புறா ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ வரை எச்சமிடும் என்பது ஆய்வாளர் கணக்கு. அது உலர்ந்து பொடியாகிக் காற்றில் கலக்கும்போதே பெருந்தீங்கு விளைகிறது. எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்களை நெடுநாள் சுவாசிப்போர் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. இஃது எல்லோருக்கும் வருவதன்று. ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலும் போகலாம். வறட்டிருமல், நடந்தால் மூச்சிரைப்பு, களைப்பு, எடைக் குறைவு ஆகியவை அறிகுறிகள். தொடக்கத்திலேயே கண்டறிந்து புறாக்களிடமிருந்து விலகிவிட்டால் பலர் தேறிவிடுகின்றனர். காலம் கடந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அதனை மீட்க இயலாது. எச்சத்தில் வளரும் பூஞ்சைகள், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு வேறுவகைத் தொற்றுகளையும் தரக்கூடும்.

ஆகவே இருமல் நீடித்து மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேட்காவிட்டாலும் வீட்டைச் சுற்றிப் புறாக்கள் இருப்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

2025-இல் மும்பை கண்டது

2025 ஜூலையில் நகரின் 51 கபூதர்கானாக்களை மூட மாநில அரசு மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தடையை மீறித் தீனி இடுவோர் மீது வழக்குத் தொடுக்குமாறு நீதிமன்றம் பணித்தது. அதன்பின் தொடக்கத்திலேயே பதிவான வழக்குகளுள் ஒன்று எங்கள் மாஹிமில், எல்.ஜே. சாலையில் தீனி இட்டது குறித்ததாகும். தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் கொண்டு மூடியது. புறாக்களுக்கு உணவிடுவதை அறமாகப் போற்றுவோர் ஆகஸ்ட் 6 அன்று திரண்டு அதனைக் கிழித்தனர். உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பின்னர் நான்கு இடங்களில் மட்டும், காலை 7 முதல் 9 மணி வரை, தற்காலிகமாகத் தீனி இட இசைவு அளிக்கப்பட்டது.

இரு தரப்பினரின் வருத்தமும் உண்மையானதே. ஒருவருக்கு அது தலைமுறை வழி வந்த புண்ணியம். மற்றவருக்கு அது தம் மூச்சு.

கொல்வது தீர்வாகுமா?

ஆகாது என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் சான்று. அங்கே 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு இலட்சம் புறாக்கள் கொல்லப்பட்டன. ஆயினும் எண்ணிக்கை 20,000 என்ற அளவிலேயே நின்றது. இறந்தவற்றின் இடத்தை இளம்புறாக்கள் உடனே நிரப்பின. 1988-இல் நகரம் வழியை மாற்றியது. தீனி இடுவதால் புறாக்களுக்கே விளையும் நெருக்கடியையும் நோயையும் மக்களுக்கு விளக்கி, தீனியைக் குறைக்கச் செய்தது. நான்கே ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. இலண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்திலும் 2003-இல் தீனிக்குத் தடை வந்தபின் புறாக் கூட்டம் குறைந்தது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. நஞ்சு வைப்பது சட்டப்படியும் குற்றம்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. தீனியை முற்றிலும் நிறுத்துங்கள். சிந்திய தானியம், திறந்த குப்பை, தேங்கிய நீர் ஆகியவற்றையும் அகற்றுங்கள்.

2. வலை கட்டுமுன் கூட்டைப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்திருங்கள். உள்ளே சிக்கிய குஞ்சு இறப்பது கொடுமை, நாற்றமும் உங்களுக்கே.

3. பால்கனிக்கும் டக்டுக்கும் வெயில் தாங்கும் நைலான் வலை கட்டுங்கள். ஓரத்தில் ஒரு கையளவு இடைவெளி இருந்தாலும் புறா நுழைந்துவிடும். தீ விபத்தின்போது வெளியேறும் வழியை மறைக்காதீர்கள்.

4. குறுகிய விளிம்புகளில் சரிவான பலகை பொருத்துங்கள். 45 பாகைக்கு மேற்பட்ட சரிவில் புறா நிலைத்து அமர இயலாது. ஒட்டும் பசை வேண்டாம். சிட்டுக்குருவிகளும் அதில் சிக்கிக்கொள்ளும்.

5. ஆந்தைப் பொம்மையும் மின்னும் தகடும் சில நாள்களுக்கே பயன்படும். செவிக்கு எட்டாத ஒலி எழுப்பும் கருவிகளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்; அவ்வொலி புறாவுக்கும் கேட்பதில்லை.

6. எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. சோப்பு நீர் தெளித்து நன்கு நனைத்து, என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து வழித்தெடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இருமல் உள்ளவர்களும் முதியோரும் இப்பணியைச் செய்ய வேண்டா. பணிப்பெண்ணிடம் ஒப்படைத்தால் முகக்கவசத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவருக்கும் நுரையீரல் உண்டு.

செலவு: தனியாகவா, சேர்ந்தா?

ஒரு வீடு மட்டும் வலை கட்டினால் புறா அடுத்த வீட்டுக்குச் செல்லும். டக்ட், மொட்டைமாடி, நீர்த்தொட்டி மேற்பகுதி ஆகியவை பொதுவிடங்கள். எனவே குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் பேசி ஒரே சமயத்தில் செய்வதே சிக்கனம். குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெறுங்கள். வலையின் தரம், உத்தரவாதக் காலம், கிழிந்தால் யார் சீர்செய்வது என்பன எழுத்தில் இருக்கட்டும். உயரத்தில் தொங்கிப் பணிபுரிவோருக்குப் பாதுகாப்புப் பட்டையும் விபத்துக் காப்பீடும் உண்டா என்று கேளுங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்காமல், வேலை முடிந்தபின் மீதியை வங்கி வழியே செலுத்துங்கள்.

தட்டு இப்போது எங்கே?

மருத்துவர் சொன்னதைத் தாயாரிடம் சொன்னபோது அவர் உடனே ஏற்கவில்லை. "வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குமேடா" என்றார். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையை எனக்குச் சிறுவயதில் சொன்னவரும் அவரே. அந்தக் கதையையே நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். சிபி கொடுத்தது தன் உடலை. அடுத்த வீட்டுக்காரரின் உடலையன்று. நம் டக்டை நோக்கித் திறக்கும் கீழ்வீட்டுச் சாளரத்தின் அருகே ஒரு கைக்குழந்தை உறங்குகிறதே என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை தட்டைக் கழுவி உள்ளே வைத்துவிட்டார்.

சில வாரங்கள் புறாக்கள் வந்து கம்பியில் அமர்ந்து காத்திருந்தன. பின்னர் வருகை குறைந்தது. தாயாரின் இருமலும் மருந்தாலும் விலகலாலும் தணிந்துவிட்டது. ஆனால் படியேறும்போது இடையில் ஒருமுறை நின்றே ஏறுகிறார். தட்டில் இட்டுவந்த தானியத்தின் செலவை இப்போது மாதந்தோறும் ஓர் உண்டியலில் சேர்க்கிறார். ஆண்டு இறுதியில் அது தாராவியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பாடநூல்களுக்குச் செல்கிறது.