யானை முதல் உடும்பு வரை ஒரே அம்பு! ஓரியின் கொல்லிமலையில் இன்று துப்பாக்கி தூக்கலாமா?

சேந்தமங்கலத்தைத் தாண்டி, காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால் கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடி மாதம் இங்கே நடக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. வேட்டை ஆயுதத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஒரு அம்பு, ஐந்து உயிர்கள்

புறநானூற்றின் 152-ம் பாடலில் ஓரியின் வேட்டையைச் சொல்கிறார் வன்பரணர். ஓரி விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றி என வரிசையாகத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நிற்கிறது. இது புலவரின் மிகையாக இருக்கலாம். ஆனால், பெரிய விலங்கு வேட்டையில் முதலில் பார்க்க வேண்டியது ஊடுருவும் திறன் என்பதை அந்தப் பாடல் அன்றே பிடித்துவிட்டது.

கனமா, குறியா?

துப்பாக்கிக் காலத்திலும் இதே கேள்விதான். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது '.275 ரிக்பி' ரைஃபிள். அதன் தோட்டா சுமார் 9 கிராம்தான். தூக்கி நடக்க எளிது, குறி தப்பாது. அன்றைய சேலம் மாவட்டத்தின் ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் நம்பியது '.405 வின்செஸ்டர்'. அதன் தோட்டா 19 கிராமுக்கு மேல்!

தோட்டாவின் தன்மையும் முக்கியம். முனை மென்மையான தோட்டா உடலுக்குள் விரிந்து பெரிய காயம் உண்டாக்கும், அது புலிக்கு. யானை, காட்டெருமைக்கு வடிவம் மாறாமல் ஆழமாகப் பாயும் கெட்டித் தோட்டா. தவறாகத் தேர்ந்தெடுத்தால் விலங்கு சாகாது. காயத்தோடு புதருக்குள் பதுங்கும். அடுத்து அந்த வழியாக வருபவருக்குத்தான் ஆபத்து.

நாட்டுத் துப்பாக்கியின் கதை

மலையோரங்களில் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியின் பிரச்னையே இதுதான். குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் இரும்புக் குண்டுகளையும் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். ரைஃபிளின் குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் இதில் இல்லை. அதனால் குண்டு சுழன்று நேராகப் போகாது. சற்று தூரம் போனாலே சிதறும். மருந்து அதிகமானால் குழலே வெடித்து, சுட்டவரின் கையையும் கண்ணையும் பறிக்கும். இருட்டில் பன்றி என நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளும் தமிழக மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வருகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே சிறை. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். துப்பாக்கி உரிமம் என்பது வேட்டை உரிமம் அல்ல. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். முதல் அட்டவணையில் உள்ள யானை, புலி, காட்டெருமை போன்றவற்றைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

சரி, மரவள்ளியைப் பன்றி தோண்டித் தின்றால் விவசாயி என்ன செய்வது? இந்தக் குமுறல் நியாயமானது. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி அறிவித்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால், சுட வேண்டியது வனத்துறையினர், விவசாயி அல்ல.

மலைக்கு மேலே பல தோட்டங்கள் காட்டை ஒட்டியே இருப்பதால், அங்கே வேலியும் காவலும்தான் வழி. பயிர் சேதமானால் உடனே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து இழப்பீடு கேட்கலாம். வீட்டுப் பரணில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி கிடந்தால், ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது.